டீக்கடையில் மூணு வருஷம்

சாயங்காலம் காலேஜ் விட்டா எங்க போவீங்க? பீச்சுக்கா, தியேட்டருக்கா? சரி, மாசக் கடைசியில? பாக்கெட்டில் பத்து ரூபாய்கூட இல்லாத நாளிலும் நம்மை உள்ளே விடுகிற இடம் பார்க்தான். டிக்கெட் கிடையாது. 'என்ன சாப்பிடறீங்க'ன்னு யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டாங்க.

சேலையூர் பக்கம் எங்க கேங்குக்கும் அப்படி ஒரு பார்க் உண்டு. பேர் வேண்டாம், உங்க ஏரியா பார்க்கும் அநேகமா இப்படித்தான் இருக்கும். அரட்டை, அரியர் புலம்பல், காதல் பஞ்சாயத்து எல்லாம் அங்கதான். எங்க கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் வாசல் வரைக்கும் வருவான். "நீங்க போயிட்டு வாங்கடா, நான் டீக்கடையில இருக்கேன்" என்பான். அவன் வீல்சேரில் வருகிறவன். அவனுக்கு டீ அவ்வளவு பிடிக்கும் போலன்னு நாங்க நினைச்சோம். சத்தியமா! மூணு வருஷம் அப்படித்தான் நினைச்சோம்.

ஃபைனல் இயரில் என் பாட்டிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆச்சு. வாக்கர் வெச்சு தினமும் கொஞ்சம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசலில் பைக் நுழையாமல் இருக்க, வளைஞ்சு வளைஞ்சு போகிற மாதிரி இரும்புக் கம்பி நட்டிருப்பாங்களே, அதில் வாக்கர் மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. "விடுடா கண்ணா, வீட்டு வாசல்லயே நடந்துக்கறேன்"னு சொன்னாங்க. திரும்பிப் பார்த்தா எதிரே அதே டீக்கடை. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

அன்னைக்கு ராத்திரி அவனுக்கு போன் பண்ணி, "ஏண்டா சொல்லல?"ன்னு கேட்டேன். "நீங்க ஏண்டா கேக்கல?"ன்னான். பதில் இல்லை.

தமிழ்நாட்டில் நகரங்களுக்கும் கிராம சபை மாதிரி 'பகுதி சபை'ன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? 2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தில் இது தொடங்கினப்போ, முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நம்ம பக்கத்துப் பம்மலில்தான் நடந்தது. அந்த ஏரியா வோட்டர் லிஸ்ட்டில் பேர் இருந்தா போதும், நீங்களும் போய்ப் பேசலாம். அப்படி ஒரு கூட்டத்துக்கு அவனும் நானும் போனோம்.

கேட்டதுக்கு வந்த பதில், "நியாயம்தான் தம்பி, ஆனா நிதி இல்லையே." கூட்டத்தில் இருந்த ஒரு அக்கா எழுந்து, "மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி நிக்குது. முதல்ல வடிகால் போடுங்க, அப்புறம் பார்க்கைப் பாருங்க"ன்னாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த தென்சென்னைப் புறநகர்க்காரங்க யாரும் அதைச் சாதாரணமா எடுத்துக்க மாட்டாங்க. இன்னொருத்தர், "கம்பியை எடுத்தா பசங்க பைக்கை உள்ள விட்ருவானுங்க"ன்னார். அதுவும் உண்மைதான்!

அப்போ என் ஃப்ரெண்ட் கேட்டான்: "சார், அந்தக் கம்பியை நட எவ்வளவு செலவாச்சு?"

யாரும் பேசல. யோசிச்சுப் பாருங்க. வாசலை அடைக்கிறதுக்கும் காசு ஆகியிருக்கு. அதுக்கு நிதி கிடைச்சிருக்கு. திறக்கிறதுக்கு மட்டும்தான் நிதி இல்லை.

இந்த 'நிதி இல்லை' புதுசு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக 1995-ல் வந்த சட்டமே, பொருளாதார சக்திக்கு உட்பட்டுச் செஞ்சு கொடுங்கன்னு அரசுக்கு ஒரு சந்து விட்டு வெச்சிருந்தது. அதுக்குப் பதிலா வந்த 2016 சட்டத்தில், பொதுக் கட்டடங்கள் பற்றின பிரிவில் அந்த வரி கிடையாது. பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்து, எல்லாப் பொதுக் கட்டடங்களையும் ஐந்து வருஷத்துக்குள்ள சரி பண்ணணும்னு கெடு வெச்சாங்க. அந்தக் கெடு 2022 ஜூனோட முடிஞ்சே போச்சு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், இது வெறும் யோசனையா இருக்கக் கூடாது, கட்டாய விதியா இருக்கணும்னு சொல்லிடுச்சு.

காசு போட்டா என்ன ஆகும்னு மெரினாவில் பார்க்கலாம். 2022 நவம்பரில், சுமார் 1.14 கோடி ரூபாயில், 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டாங்க. வீல்சேரில் கடல் பக்கம் வரைக்கும் போகலாம். ரெண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்திடுச்சு. 'வீண் செலவு'ன்னு விட்டுடல, சரி பண்ணித் திறந்தாங்க.

இதெல்லாம் மாணவர்கள் கேட்டும் நடந்திருக்கு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வீல்சேரில் வந்த மாணவர்கள் சேர்ந்து 'ரோலிங் குவாட்ஸ்'னு ஒரு குழு வெச்சிருந்தாங்க. நகர சபைக்கே போய்ப் பேசினாங்க. பிளாட்பார முனைகளைச் சரிவா இறக்கித் தர 1971-ல் அந்தச் சபை ஒத்துக்கிச்சு. இன்னைக்கு அந்தச் சரிவில் குழந்தை வண்டி தள்ளுற அம்மாவும் போறாங்க, சூட்கேஸ் இழுக்கிறவரும் போறார்.

எங்க கதைக்கு வருவோம். கூட்டத்தில் அவன் இன்னொண்ணும் சொன்னான். "சார், குப்பை வண்டி வர்றதுக்குப் பெரிய கேட் ஒண்ணு இருக்கு. எப்பவும் பூட்டியே கிடக்கு. சாயங்காலம் வாட்ச்மேன் அண்ணா அதைத் திறந்து வெச்சா போதும். இதுக்கு என்ன சார் நிதி வேணும்? சாவிதானே?"

பெரிய கேட் இப்போ சாயங்காலம் திறந்திருக்கு. அவ்வளவுதான் கிடைச்சது. உள்ளே சாய்தளம் இல்லை, அவன் போகிற மாதிரி டாய்லெட் இல்லை. அதுக்கு நிஜமாவே நிதி வேணும். மனு கொடுத்திருக்கோம், அடுத்த கூட்டத்துக்கும் போவோம். 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினரா நியமிக்கச் சட்டமன்றம் வழி செஞ்சது. இனி இந்தக் கேள்வியைக் கேட்க, மன்றத்துக்குள்ளேயே ஒருத்தர் இருக்க முடியும்.

முதல் நாள் உள்ளே வந்து ஒரு ரவுண்டு சுத்திப் பார்த்துட்டு அவன் சொன்னான்: "இதுல என்னடா இருக்கு? ரெண்டு ஊஞ்சல், நாலு பெஞ்சு. இதுக்காடா மூணு வருஷம் அந்த டீயைக் குடிச்சேன்?" எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்னு போச்சு.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நாளைக்கு உங்க பார்க்குக்குப் போறப்போ ஒரு இன்ச் டேப் எடுத்துட்டுப் போங்க. வாசலில் 90 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கான்னு அளந்து பாருங்க. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளத்துக்குச் சாய்தளம் இருக்கான்னு பாருங்க. அப்படியே, எதிரே டீக்கடையில் யாராவது தனியா உட்கார்ந்திருக்காங்களான்னும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க.