ஜமக்காளம் விரித்த மே மாதங்கள்

ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. சிப்காட் கம்பெனிகளில் வேலை கிடைத்து இங்கே குடியேறியிருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடும். திருநெல்வேலி, விருதுநகர், கும்பகோணம், ஆம்பூர் என்று எல்லோருக்கும் ஓர் ஊர் இருந்தது. சேலம் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். ஒரே வாரத்தில் எங்கள் தெருக்கள் வெறிச்சோடும். அப்பாவுக்கு லீவு கிடைக்காத பிள்ளைகளும், பயணச் செலவுக்கு வழியில்லாத பிள்ளைகளும், போவதற்கு வேறு ஊரே இல்லாத உள்ளூர்ப் பிள்ளைகளும்தான் மிச்சம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அந்த மிச்சத்தை எல்லாம் கூட்டி உட்கார வைத்தது ஒரு கிளை நூலகம்.

அன்றைக்கு ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். 1980-இல் டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் அதே சமயம் வந்தது. எண்பதுகளின் நடுவில் டைட்டன். பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் பின்னாலேயே வரும். அப்படி வேலைக்கு வந்தவர்கள் தமிழ் பேசினார்கள். ஏற்கெனவே இருந்தவர்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசினார்கள். 1956-இல் மொழிவாரியாக எல்லை வகுத்தபோது சென்னை மாநிலத்தோடு நின்றுவிட்ட ஊர் இது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் ஒரு பக்கம், தெலுங்கு மீடியம் ஒரு பக்கம். அடுத்த தெருப் பையனின் பெயர்கூடத் தெரியாமல் வருடம் ஓடிவிடும்.

நூலகம் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. இரும்பு ட்ரஸ்ஸின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நீளமான கூடம், முன்னால் ஒரு திண்ணை, பக்கத்தில் வேப்பமரம். ஓசூர் வெயிலை வெளியூர்க்காரர்கள் வெயிலாகவே மதிக்கமாட்டார்கள். அவர்களை அந்தக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு உட்கார வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நல்லவேளையாக, காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மாலை நாலு முதல் ஏழு என்பதுதான் நேரம். வெள்ளிக்கிழமை விடுமுறை. நாளிதழ் மேசையில் தினத்தந்தியும் தினமணியும் ஒரு பக்கம், ஈநாடுவும் பிரஜாவாணியும் மறுபக்கம். சின்னவர்களுக்கு கோகுலம், அம்புலிமாமா, பூந்தளிர். ஓர் அலமாரியில் மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த புத்தகங்கள். பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' யார் கையிலாவது இருந்துகொண்டே இருக்கும், அலமாரிக்குத் திரும்பாது.

நூலகரை 'லைப்ரரி சார்' என்றுதான் கூப்பிடுவோம். மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை, செலவுக்கு ஒதுக்கீடும் இல்லை. ஆனாலும் மே மாதம் முழுக்க மாலை நாலு மணிக்குப் பந்தல் சாமான் வாடகைக் கடையிலிருந்து இரண்டு பவானி ஜமக்காளம் வந்துவிடும். சும்மா கிடப்பதுதானே என்று கடைக்காரர் காசு வாங்கமாட்டார். முகூர்த்த நாளில் மட்டும் ஜமக்காளம் கல்யாண வீட்டுக்குப் போய்விடும், அன்றைக்குப் பழைய தினத்தந்தியை விரித்து உட்காருவோம். சார் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. வயசு பார்த்து வரிசை பிரிக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் ரிட்டயரான தபால்காரர் உட்காருவார். இதைத்தான் இன்றுவரை பெரிய விஷயமாக நினைக்கிறேன். அதற்குப் பிறகு அப்படி ஒரு கூட்டத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

வாரத்தில் சில நாள் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓர் அண்ணன் வருவார். லாரி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் இருந்தார். 1987-இல் தொடங்கிய 'துளிர்' இதழ்க் கட்டு அவருடைய சைக்கிள் கேரியரில் எப்போதும் இருக்கும். பையிலிருந்து தீப்பெட்டிகளையும் சைக்கிள் வால்வு டியூப் சுருளையும் எடுத்து ஜமக்காளத்தின் நடுவில் கொட்டுவார். முதல் வேலை, குச்சியின் மருந்தை பிளேடால் சுரண்டி எடுப்பது. அது பெரியவர்கள் பங்கு. டியூப்பைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குவது எங்கள் பங்கு. துண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் வளைகிற மூட்டு தயார். மூன்று குச்சியும் மூன்று துண்டும் சேர்ந்தால் முக்கோணம், நாலு சேர்ந்தால் சதுரம். "அமுக்கிப் பாருங்க" என்பார். சதுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். முக்கோணம் அசையாது. பிறகு டியூப்பின் நடுவில் வேலிக்காத்தான் முள்ளால் குத்தி அந்த ஓட்டையில் இன்னொரு குச்சியை நிறுத்தச் சொல்லுவார். முக்கோணத்தின் மூன்று மூலையிலிருந்தும் எழும்பும் குச்சிகளை மேலே ஒன்றாகச் சேர்த்தால் நான்முகி. எந்தப் பக்கம் அமுக்கினாலும் உருவம் மாறாது.

அப்புறம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ். "எத்தனை முக்கோணம் இருக்கு, எண்ணுங்க." பின்வரிசையில் இருந்த ஒருவர் எங்களுக்கு முன்னால் விடை சொல்லிவிட்டார். பட்டறை ஷெட்டுகளுக்கு ட்ரஸ் வெல்டிங் போடுகிறவர். எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு பெண்ணின் அப்பா. கன்னடம் கலந்த தமிழில், நடுவில் ஒரு குறுக்குக் கம்பியை எடுத்துவிட்டால் எது முதலில் வளையும், எது பிறகு வளையும் என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். அதுவரை கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வாயைத் திறந்ததில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாளிலிருந்து அவருக்கு முன்வரிசை.

இந்தத் தீக்குச்சி வித்தையை உருவாக்கியவர் அர்விந்த் குப்தா என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுப் புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். கிராமத்துச் சந்தையில் கிடைப்பதை வைத்து அறிவியல் சொல்லித் தர வேண்டும் என்று யோசித்தபோது வால்வு டியூப்பும் தீக்குச்சியும் கைக்கு வந்தன. ஒரு லாரிக் கம்பெனியை விட்டுக் கிளம்பியவரின் யோசனை, இன்னொரு லாரிக் கம்பெனி ஃபிட்டரின் கைவழியே எங்களிடம் வந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆறு மணிக்கு மேல் வாசிப்பு. ஒரு கோடையில் ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' ஓடியது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உள்ளூர்க்காரர்களுக்கு அவர் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி. எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா ஒருத்தி உரக்க வாசிப்பாள். திண்ணையில் பெண்கள் முறத்தில் புளியை வைத்து நாரும் கொட்டையும் எடுத்துக்கொண்டே கேட்பார்கள். கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்கு வீடு நடக்கிற கூலி வேலை அது. புளிக்கையோடு புத்தகத்தைத் தொட்டுவிடுவார்கள் என்பதால் சார் அவர்களைத் திண்ணையிலேயே உட்காரச் சொல்லியிருந்தார். ஆனால் வாசிப்பவள் வாசல்பக்கம் திரும்பி உட்கார வேண்டும், குரல் திண்ணைக்குக் கேட்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

கூட்டத்தில் ஒரு தாத்தா உண்டு. தமிழில் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனால் தெலுங்குக் கூத்து பார்த்தே ராமாயணம் முழுக்க மனப்பாடம். அக்கா வாசிக்க வாசிக்க, "அப்படி இல்லம்மா" என்று குறுக்கே வருவார். தெலுங்கில் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில் திருப்பிச் சொல்வார். ராஜாஜி சொல்வது ஒன்று, கூத்தில் நடப்பது ஒன்று. இரண்டையும் கேட்டுவிட்டு ரிட்டயரான தபால்காரர் கம்பனைக் கொண்டுவருவார். பதினைந்து நிமிஷம் வாசித்தால் அரை மணி நேரம் வாதம். ஏழு மணிக்குப் பூட்ட வேண்டிய சார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், பூட்டமாட்டார்.

பட்டாபிஷேகத்தோடு புத்தகம் முடிந்தது. அக்கா மூடி வைத்தாள். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "லவகுசா எங்கே?" என்றார். 1963-இல் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்ட 'லவகுசா' படத்தை இரண்டு மொழியிலும் பார்த்தவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தார்கள். சீதை இரண்டாவது முறை காட்டுக்குப் போனதைச் சொல்லாமல் கதையை எப்படி முடிக்கலாம் என்று பெண்கள் எல்லோரும் தாத்தா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அந்த உத்தரகாண்டத்தை ராஜாஜி மனம் ஒப்பாமல்தான் விட்டார் என்று சார் விளக்கினார். யாருக்கும் சமாதானம் ஆகவில்லை. மறுநாள் மாலை தாத்தாவே மிச்சக் கதையைச் சொன்னார், முழுக்க முழுக்கத் தெலுங்கில். அன்றைக்கு மொழிபெயர்த்தது என் வயதுப் பையன் ஒருவன். பக்கத்துத் தெருவில் இருந்தும் பெயர் தெரியாமல் இருந்தவன். திண்ணையில் முறம் ஆடுவது நின்றுபோயிருந்தது.

பின்னாளில் நூலக வரலாறு படிக்கும்போது, இரும்பு ஆலைகள் பெருகிய அமெரிக்க நகரமான கிளீவ்லாந்தில் 1897-இல் பொது நூலகம் குழந்தைகளுக்கென்று ஒரு வாசிப்புச் சங்கம் தொடங்கியது என்று பார்த்தேன். அங்கும் பல தேசத்திலிருந்து, பல மொழியோடு ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள். நமக்கும் மரபு இல்லாமல் இல்லை. 1931-இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. இந்தியாவில் பொது நூலகத்துக்கு முறையான சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்று வகுத்துச் சொன்னார். எங்கள் நூலகத்தில் நான் பார்த்த வளர்ச்சி மே மாதத்து ஜமக்காளம்தான். கூட்டம் சேரச் சேர அது வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போனது.

அந்த மே மாதக் கூட்டம் நின்றுபோனதற்கு ஒரே காரணம் சொல்ல முடியவில்லை. சாருக்கு மாற்றல் வந்தது. கட்டடத்தின் உரிமையாளர் இடத்தைக் கேட்டார், நூலகம் வேறு தெருவுக்கு, இதைவிடச் சின்ன இடத்துக்குப் போனது. அங்கே திண்ணை இல்லை. கேபிள் டிவி வந்தது. மே மாதம் என்றால் கம்ப்யூட்டர் கிளாஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆனது. பிறகு 'சம்மர் கேம்ப்' வந்தது. அதில் ஐந்து முதல் எட்டு வயது ஒரு பேட்ச், ஒன்பது முதல் பன்னிரண்டு இன்னொரு பேட்ச், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்த பிறகு மாஸ்கோ புத்தகங்கள் வரவில்லை. பூந்தளிர் நின்றது, அம்புலிமாமா நின்றது. 1972-இல் தொடங்கிய கோகுலம் 2020-இல் நின்றது. தாத்தா, தபால்காரர், நீலச் சட்டை அண்ணன் மூன்று பேரும் இப்போது இல்லை.

இன்றைய நூலகங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாநகராட்சியாகிவிட்ட ஓசூரில் காலையிலேயே போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு இடம் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அமைதியும் ஒரு நாற்காலியும் தேவை, அது கிடைக்கத்தான் வேண்டும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று அழகான பகுதிகள் இருக்கின்றன, நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் சிப்காட் ஓரத்து லைன் வீட்டுப் பிள்ளைக்குச் சென்னையும் மதுரையும் ஒரே தூரம்தான்.

அந்த லைன் வீடுகளில் இப்போது ஒடியாவும் இந்தியும் அசாமியும் கேட்கின்றன. காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள். லீவு எடுத்தால் கூலி இல்லை, அதனால் மே மாதம் அவர்கள் ஊருக்குப் போவதில்லை. பிள்ளைகள் பகல் முழுக்கக் கம்பெனி காம்பவுண்ட் சுவரை ஒட்டிய நிழலில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மொழிக்காரர்கள் கட்டினாலும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. அதிலிருந்து இவர்களுக்கும் ஒரு ஜமக்காளம் விரிக்க மாவட்ட நூலக ஆணைக்குழு மனசு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டணம் வேண்டாம், வயது வரம்பு வேண்டாம், வாசிக்க ஒருவரும் மொழிபெயர்க்க ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். நேரம் மட்டும் மாலை நாலு மணிக்கு மேல் இருக்கட்டும், அப்போதுதான் முதல் ஷிப்ட் முடித்த அப்பா அம்மாக்களும் வர முடியும்.