நீக்கப்பட்ட மாதிரிகள்

"தரச் சோதனையில் தேறாத சில மாதிரிகள் பகுப்பாய்விலிருந்து நீக்கப்பட்டன." காசநோயாளிகளின் ரத்தத்தில் எந்தெந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன என்று நான் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இந்த வரி இருக்கிறது. அது பொய். அந்த மாதிரிகள் தரத்தில் தேறியவை. எங்களிடம் இருந்த நோயாளி மாதிரிகளிலேயே அவைதான் மிக நல்லவை. நான் சொல்ல விரும்பிய முடிவுக்கு அவை ஒத்துவரவில்லை என்பதற்காக எடுத்துவிட்டேன். கட்டுரை இப்போது திரும்பப் பெறப்பட்டுவிட்டது. திரும்பப் பெறும் அறிவிப்பில் சில வரிகளுக்கு மேல் எழுத இடம் தரமாட்டார்கள். நடந்தது அந்தச் சில வரிகளில் அடங்காது.

காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்தவர்கள் எல்லாரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறுகிறது. யாருக்கு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் எத்தனையோ பேரைக் காப்பாற்றலாம். சளியைச் சோதித்து அதைச் சொல்ல முடியாது. சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பவே தெரியாது. ஆகவே ரத்தத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். வெள்ளணுக்கள் கிருமியை எதிர்கொள்ளும்போது சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கும். அந்த மாற்றம் ஆர்.என்.ஏ. அளவில் தெரியும். புரதம் தயாரிக்கும் மனித மரபணுக்கள் சுமார் 20,000. அத்தனையின் அளவையும் ஒரு சொட்டு ரத்தத்தின் ஆர்.என்.ஏ.யிலிருந்து ஒரே மூச்சில் எடுத்துவிடக் கருவிகள் வந்துவிட்டன.

2010 இல் நேச்சர் இதழில் ஆன் ஓ'காராவின் குழு வெளியிட்ட ஆய்வை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் எடுத்த ரத்தம். 393 ஆர்.என்.ஏ.க்கள் கொண்ட ஒரு வரிசை, நோய் முற்றியவர்களைத் தொற்று மட்டும் உள்ளவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. அதில் மேலோங்கியிருந்தவை இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள். அவை அதிகம் இயங்கிய இடம் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். இன்டர்ஃபெரான் என்றால் வைரஸை எதிர்க்கும் பொருள் என்று மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு, ஒரு பாக்டீரியா நோயில் அது இவ்வளவு ஓங்கி நிற்பது பெரிய அதிர்ச்சி. மருந்து தொடங்கி இரண்டு மாதத்திலேயே அந்த வரிசை தணியத் தொடங்கியது என்பதும் அதில் இருந்தது. அப்படி ஒன்றை நம் ஊர் நோயாளிகளிடம் நானும் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏற்கெனவே கண்டதை உறுதிசெய்தால் போதாது, புதிதாக ஒன்று வேண்டும். அந்த ஆசையில் தவறில்லை. தவறு பிறகு வந்தது.

எங்கள் ஆய்வில் நோயாளிகளின் ரத்தம் பெரும்பாலும் வெளியூர் சிகிச்சை மையங்களில் எடுக்கப்பட்டது. ஊதா மூடி போட்ட சாதாரண இ.டி.டி.ஏ. குழாயில் பிடித்து, பெட்டியில் வைத்து, வண்டியில் வந்து சேர மாலையாகிவிடும். ஒப்பிடுவதற்கான ஆரோக்கியமானவர்களின் ரத்தம் எங்கள் வளாகத்திலேயே, பக்கத்து அறையில் எடுத்து, உடனே ஆர்.என்.ஏ. பிரிக்கப்பட்டது. பாக்ஸ்ஜீன் என்று ஒரு குழாய் இருக்கிறது. அதில் ரத்தம் விழுந்த கையோடு ஆர்.என்.ஏ. அந்த நிலையிலேயே நின்றுவிடும், அறை வெப்பத்தில் மூன்று நாள் வரை தாங்கும். விலை அதிகம். நிதியில் அதற்கு இடமில்லை என்று தீர்மானித்தது நான்தான். ஆளைக் குறைத்துக்கொண்டு குழாயை வாங்கியிருக்கலாம். ஆள் எண்ணிக்கை கூடினால் கட்டுரைக்கு மதிப்பு என்று நினைத்தேன்.

இ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் உறையாது, அவ்வளவுதான். உள்ளே அணுக்கள் உயிரோடு இருக்கின்றன. குலுக்கலும் வெப்ப மாற்றமும் குழாய்ச் சுவரும் அவற்றுக்குப் பட்டுக்கொண்டே இருக்கும். உடம்பில் இல்லாமல் குழாயில் இருக்கிறோம் என்ற நெருக்கடிக்கு அவை பதில் கொடுக்கின்றன. ஃபாஸ், ஜுன் என்ற மரபணுக்கள் இப்படிப்பட்ட நெருக்கடியில் சில நிமிடங்களிலேயே எழும்பிவிடும். சி.எக்ஸ்.சி.எல்.8 பின்னாலேயே வரும். இது இத்துறையில் யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

மறந்துபோனாலும் ஞாபகப்படுத்த ஆள் இருந்தார். எங்கள் ஆய்வக உதவியாளர், என்னைவிட மூத்தவர், எல்லாரும் அவரை அண்ணா என்போம். ஒரு நாள் மாலை பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார்: "மேடம், இதெல்லாம் காலைல எடுத்த டியூப். இப்ப மணி அஞ்சாகுது. நம்ம ஆளுங்க டியூப் அப்படி இல்லியே. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்கலாமா?"

"நார்மலைஸ் பண்றப்ப சரியாயிடும் அண்ணா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் ரத்தம் எடுத்த நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

முடிவுகள் வந்தபோது பட்டியலின் உச்சியில் ஃபாஸ், ஜுன், சி.எக்ஸ்.சி.எல்.8. சற்றுக் கீழே, 2010 முதலே எல்லாரும் பேசும் ஜி.பி.பி.5, ஸ்டாட்1 போன்ற இன்டர்ஃபெரான் மரபணுக்கள். நான் ஏமாந்தது இந்த இரண்டாவது கூட்டத்தால். தெரிந்தவை சரியாக வந்திருக்கின்றன, அப்படியானால் ஆய்வு சரி, ஆய்வு சரியென்றால் புதியவையும் சரி என்று மனம் ஒரே தாவலில் போய்விட்டது. கதையும் தானாக அமைந்தது. ஃபாஸும் ஜுனும் சேர்ந்தால் ஏ.பி.-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம். சி.எக்ஸ்.சி.எல்.8 நியூட்ரோஃபில்களை அழைக்கும் புரதம். நியூட்ரோஃபில்களோ இந்த நோயின் மையத்தில் இருப்பவை. காசநோயில் நியூட்ரோஃபில்கள் ஏன் திரள்கின்றன என்பதற்குக் காரணமே கிடைத்துவிட்டது என்று எழுதினேன்.

புள்ளியியலில் குறை வைக்கவில்லை. 20,000 மரபணுக்களைத் தனித்தனியே 5 சதவீத அளவுகோலில் சோதித்தால், எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் வேறுபடுவதாகத் தெரியும். அதைத் தடுக்க பென்ஜமினியும் ஹாக்பெர்க்கும் 1995 இல் தந்த திருத்தம் இருக்கிறது. அதைச் செய்தேன். அந்தத் திருத்தம் தற்செயலிலிருந்துதான் காப்பாற்றும். நோயாளி மாதிரிகளிலெல்லாம் ஒரே திசையில் ஏறியிருக்கும் பிழையை அதனால் பிடிக்க முடியாது. மாதிரிகள் கூடக் கூட அந்தப் பிழை இன்னும் உறுதியான உண்மையாகத் தோற்றம் கொடுக்கும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டி நான் செய்தது அதைத்தான்.

இதுவரை சொன்னதை அவசரம், அசட்டை என்று சொல்லலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கட்டுரைக்குப் படம் தயாரித்துக்கொண்டிருந்தேன். எல்லா மாதிரிகளையும் அவற்றின் மொத்த மரபணு இயக்கத்தைக் கொண்டு ஒரே தளத்தில் புள்ளிகளாக இடும் பி.சி.ஏ. படம். நோயாளிகள் ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்கள் ஒரு பக்கம், நடுவில் தெளிவான இடைவெளி. ஆனால் நோயாளிகளில் சிலர் மட்டும் எதிர்ப்பக்கத்தில், ஆரோக்கியமானவர்களின் நடுவில் இருந்தார்கள். யார் என்று எண்ணைப் பார்த்தேன். எங்கள் வளாகத்துப் புறநோயாளிப் பிரிவுக்கே வந்து, பக்கத்து அறையில் ரத்தம் கொடுத்தவர்கள். அவர்களுடைய ரத்தம் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சந்தேகம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், புரிந்துவிட்டது. படத்தில் இடைவெளியை உண்டாக்கியது பெரும்பாலும் காசநோய் இல்லை, காத்திருந்த நேரம். அந்தச் சிலரிடம் ஜி.பி.பி.5 உயர்ந்திருந்தது, ஸ்டாட்1 உயர்ந்திருந்தது. ஃபாஸ் உயரவில்லை.

முதலில் காம்பேட் என்ற திருத்த நிரலை ஓட்டினேன். வேறு வேறு தொகுதியாகச் செய்த சோதனைகளில் தொகுதியால் வரும் வேறுபாட்டைக் கழிப்பதற்காக 2007 இல் வெளியான முறை அது. நோயும் தாமதமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்போது எந்த நிரலாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. குழு வேறுபாட்டை வைத்துக்கொண்டு தொகுதி வேறுபாட்டைக் கழிக்கப் போனால், முடிவின் மீது வரக்கூடாத அளவு நம்பிக்கை வந்துவிடும் என்று 2016 இல் நார்வே ஆய்வாளர்கள் எச்சரித்திருந்தார்கள். அதையும் படித்திருந்தேன். திருத்தத்துக்குப் பிறகும் அந்தச் சில புள்ளிகள் இடம் மாறவில்லை. அவற்றை நீக்கினேன். படம் அழகாக வந்தது. அந்த வரியை எழுதினேன்.

ஏன் செய்தாய் என்று பிறகு நடந்த விசாரணையில் கேட்டார்கள். திட்டக்காலம் முடிகிறது, பதவி உயர்வு நேர்காணல் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவை உண்மைதான், ஆனால் காரணம் அவை இல்லை. அந்த நெருக்கடியெல்லாம் பக்கத்து ஆய்வகத்திலும் இருந்தது. எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி என்னுடையதாக ஆக்கிக்கொண்டிருந்தேன். இருமலை அடக்கிக்கொண்டு கையை நீட்டி, ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்த சிலரின் ரத்தம் என் கதையைவிடக் குறைவாக எனக்குப் பட்டது.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அது கட்டுரையில் இல்லை.

என் பட்டியலை நம்பி ஒரு மாணவி முனைவர் ஆய்வைத் தொடங்கினாள். நோயாளிகளிடம் புதிதாக ரத்தம் எடுத்து, உடனுக்குடன் ஆர்.என்.ஏ. பிரித்து, ஒவ்வொரு மரபணுவாக அளந்தாள். ஜி.பி.பி.5 ஒவ்வொரு முறையும் ஏறியது. ஃபாஸ் ஏறவே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்குக் காரணம் தெரியும். "ப்ரைமரை மாத்திப் பாரு, பைப்பெட்டை காலிபிரேட் பண்ணு" என்றேன். மாற்றினாள், சரிபார்த்தாள், திரும்பத் திரும்பச் செய்தாள். ஆய்வகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசியில் போனாள். ஒருநாள் சொன்னாள்: "என் கைதான் சரியில்ல போல மேடம்." நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் தலைப்பை மாற்றிக்கொண்டு, தாமதமாகப் பட்டம் வாங்கினாள். தன் கைமேல் நம்பிக்கை இழந்து ஒரு பெண் என் கண்முன்னே நடமாடினாள். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் அது சரியாகியிருக்கும்.

இதற்கிடையில் துறை நகர்ந்துகொண்டிருந்தது. 2016 இல் தென்னாப்பிரிக்க இளையோரிடம் 16 மரபணுக்களைக் கொண்டு, நோய் வருவதற்கு ஓராண்டு முன்பே ஓரளவு கணிக்க முடியும் என்று லான்செட்டில் வந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு ஜி.பி.பி.5, டி.யு.எஸ்.பி.3, கே.எல்.எஃப்.2 என்ற மூன்றே மரபணுக்களைக் கொண்டு நோயைப் பிரித்துக் காட்டியது. விரல்நுனி ரத்தத்தில் இதைச் செய்யும் கார்ட்ரிட்ஜும் பிறகு உருவானது. அதன் பின், மரபணு வரிசையால் ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் நோய் குறைகிறதா என்று கார்டிஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. மூன்று மாதம் வாரம் ஒருமுறை மருந்து. குறையவில்லை. அதை 2021 இல் அப்படியே வெளியிட்டார்கள். அவர்கள் எத்தனை ஆண்டு உழைப்பை அதில் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு அன்று வேறு வேலை எதுவும் செய்ய முடியவில்லை.

நம் மண்ணிலும் அந்த நேர்மை இருந்திருக்கிறது. 1968 இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முதல் முடிவு வந்தபோது உலகமே விரும்பாத அந்தச் செய்தியை மறைக்காமல் சொன்னார்கள். இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். கட்டுரை வெளிவந்த பிறகும் சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியில், ஓய்வுபெற்றுவிட்ட அண்ணாவுக்கு போன் செய்து, அவர் நேரம் குறித்துவைத்த அந்த நோட்டைப் பற்றிக் கேட்டேன். "ஆபீஸ் பீரோல கீழ்த்தட்டுல இருக்கும் மேடம்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. நானே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கே நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் பங்குக்கு அதில் ஒரு தவறும் இல்லை என்பதை எழுதியே கொடுத்திருக்கிறேன். பென்சில் நேரங்களை ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே சேர்த்து மறுபடி கணக்கிட்டேன். உடனே பிரித்த மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஃபாஸ், ஜுன், சி.எக்ஸ்.சி.எல்.8 மூன்றும் பட்டியலிலிருந்து போய்விடுகின்றன. இன்டர்ஃபெரான் மரபணுக்கள் நிற்கின்றன. அதாவது 2010 இல் கண்டதுதான், புதிதாக எதுவுமில்லை. இதழாசிரியருக்கு எழுதினேன், நிறுவனத்துக்கு எழுதினேன். நீக்கியவற்றையும் சேர்த்து எல்லாத் தரவுகளையும், எடுத்த நேரமும் வந்த நேரமும் உள்ள பத்தியோடு, பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினேன்.

மாணவியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், படவேண்டும் என்றும் நினைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப என் நோட்டுல இருக்கற வேல்யூ எல்லாம் சரிதானே மேடம்?"

எல்லாமே சரி என்றேன். அவளிடம் அனுமதி வாங்கி, அந்த அளவீடுகளை அவள் பெயரிலேயே அதே களஞ்சியத்தில் சேர்த்திருக்கிறேன். என்னை மன்னித்தாளா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.