திகதி வகுப்பு

சென்ற மாதம் கனடாவிலிருந்து என் பேத்தி தொலைபேசியில் பேசினாள். அந்நாட்டுப் பிரஜாவுரிமைத் தேர்வுக்காக வாரந்தோறும் ஒரு வகுப்புக்குப் போய் வருகிறாளாம். அரசாங்கமே அச்சிட்ட கைந்நூல் ஒன்று உண்டு. அதிலிருந்து 20 வினாக்கள் கேட்பார்கள். 15 வினாக்களுக்குச் சரியான விடையளித்தால் தேறிவிடலாம். “முதற் பிரதமர் யார், எத்தனை மாகாணங்கள், இதெல்லாந்தான் தாத்தா! நீங்கள் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். எனக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பள்ளியிற் படித்த பாடங்கள் பலவும் மங்கிவிட்டன. அந்த வகுப்பு மட்டும் மங்கவில்லை.

கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு மேலே, களனி கங்கையை நோக்கிச் சரியும் மலைச்சாரலில் இருந்தது எங்கள் இறப்பர்த் தோட்டம். 1951ஆம் ஆண்டு ஆடி மாதம், ஓயாத மழை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால், பால் சிரட்டையில் விழாமல் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். வேலை இல்லாத நாளுக்குப் பேரும் இல்லை. அத்தகைய நாட்களின் மாலையில், தோட்டப் பள்ளிக்கூடத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டு, எங்கள் ஆசிரியர் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவார். எட்டு வயதுச் சிறுவனாகிய நான் அப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

அவ்வகுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். சுதந்திரம் பெற்ற இலங்கை இயற்றிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், முன்னோர் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என்று காட்ட முடிந்தவர்களையே பிரஜைகளாகக் கொண்டது. மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றனர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அவர்களுக்கென்று திறந்து வைக்கப்பட்ட ஒரே வாயில், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் அச்சட்டத்தைப் புறக்கணித்தது. பின்னரே விண்ணப்பிக்கும்படி சொல்லிற்று. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாள். ஆகவே ஒவ்வொரு லயத்திலும் பரபரப்பு.

விண்ணப்பதாரர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ந்து இந்நாட்டில் வசித்திருக்கவேண்டும். கணவனும் மனைவியுமாக வாழ்வோர்க்கு ஏழு ஆண்டு. மணமாகாதவர்க்கும் துணையை இழந்தவர்க்கும் பத்து ஆண்டு. இடையே இந்தியாவுக்குப் போயிருந்தால், ஒருமுறைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருத்தல் ஆகாது.

ஆகையால் எங்கள் ஆசிரியர் பாராளுமன்றத்தைப் பற்றியோ அரசர்களைப் பற்றியோ எதுவும் கற்பிக்கவில்லை. “எப்போது வந்தீர்கள்? எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தீர்கள்? எப்போது ஊருக்குப் போனீர்கள்? எப்போது திரும்பினீர்கள்?” இந்த நான்கு கேள்விகளே பாடம். லயத்தார் அதற்குத் ‘திகதி வகுப்பு’ என்று பேர் வைத்தார்கள்.

பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மாரியம்மன் திருவிழாவும் மழையுமே அவர்கள் அறிந்த காலக்கணக்கு. அதற்கு ஆசிரியர் ஓர் உபாயம் கண்டார். கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, எல்லாருக்கும் நினைவிருக்கும் சம்பவங்களை அதில் வரிசையாக எழுதினார். வால்வெள்ளி தோன்றியது 1910. கேகாலைப் பகுதியைச் சூறையாடிய மலேரியாக் காய்ச்சல் 1934, 1935. கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5. கங்கை பெருகி ஊரை விழுங்கிய வெள்ளம் 1947 ஆகஸ்ட். “குண்டு விழுந்ததற்கு முன்னா, பின்னா?” என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் அந்தக் கோட்டின்மேல் ஏற்றிவைப்பார். நாற்பது வயதில் தம் கல்யாணத்தின் ஆண்டு இன்னதென்று அறிந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார் ஒருவர்.

அப்பாயியின் முறையும் வந்தது. வால்வெள்ளி தெரிந்த ஆண்டில், ஐந்து வயதுக் குழந்தையாகத் தகப்பனார் தோளில் வந்தவள் அவள். தாத்தாவை மலேரியா கொண்டுபோயிற்று. அதன்பின் ஒரே ஒருமுறை ஊருக்குப் போனாள். தன் தாய் நோயில் விழுந்த செய்தி கேட்டு, பதினெட்டு வயதான என் தகப்பனாரைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, 1940 தைப் பொங்கல் கழிந்து புறப்பட்டாள். தாய் ஒன்பது மாதம் கிடந்து இறந்தாள். தொழிலாளர் இலங்கைக்குப் போவதை 1939 ஆகஸ்டிலேயே இந்திய அரசாங்கம் தடைசெய்திருந்தது. காரியங்களை முடித்துவிட்டு, திரும்பிவரும் அனுமதிச் சீட்டுக்காக அலைந்ததில் இன்னும் ஐந்து மாதம் போயிற்று. ஆசிரியர் கூட்டிப் பார்த்தார். பதினான்கு மாதம்.

விளக்கின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லை. பின்வரிசையிலிருந்து கங்காணி மெல்லச் சொன்னார்: “பதினொண்ணுன்னு எழுதிருங்க வாத்தியாரய்யா. யாரு கண்டா?” ஆசிரியர் பதில் சொல்லாமல் அப்பாயியைப் பார்த்தார்.

“எங்க ஆத்தா படுக்கையிலே கெடந்தது ஒம்பது மாசம் அய்யா. அதுலே மூணு மாசத்த நான் எப்படி வெட்டி எறியிறது? உள்ளத எழுதுங்க” என்றாள் அப்பாயி.

ஆசிரியர் உள்ளதை எழுதினார்.

விசாரணைக்கு அழைப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பஸ்ஸில் அவளோடு நானும் போனேன். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், அவள் பதினான்கு மாதம் என்று சொன்னாள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வருகையில் எனக்கு அடக்க முடியாத கோபம். “பதினொன்று என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்?” என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “மேக்கே கறுக்குது. நாளைக்குப் பால்வெட்டு இருக்காது” என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

நிராகரித்த கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த ஆண்டில் தகப்பனாரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது; பிள்ளைகளாகிய எங்கள் பேரும் அதிலேயே இருந்தன. ஒரே லயத்து அறை, ஒரே அடுப்பு. அடுப்பின் இந்தப் பக்கம் உட்கார்ந்து உண்ட மகனும் பேரனும் இலங்கைப் பிரஜைகள். அந்தப் பக்கம் நின்று சோறு போட்டவள் எந்த நாட்டுக்கும் உரியவள் அல்லள். அந்த உரிமையினாலேதான் பின்னர் நான் ஆசிரிய உத்தியோகம் பெற்றேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சோறு தொண்டையில் நிற்கும்.

அவள் தனியள் அல்லள். அச்சட்டத்தின்கீழ் விண்ணப்பங்களில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பிரஜாவுரிமை கிடைத்தவர்களோ ஏறத்தாழ 134,000 பேர்தான். எஞ்சியோரின் தலைவிதியை 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எண்களாற் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்படுவார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பிக்க அப்பாயி இசையவில்லை. இங்கேயே மறுபடியும் விண்ணப்பித்தாள்; விடை வருமுன் 1969இல் கண்ணை மூடினாள். அவள் பால் வெட்டிய மலையின் அடிவாரத்தில் அடக்கம் செய்தோம். அந்த மண் அவளிடம் திகதி கேட்கவில்லை.

2003 அக்டோபரில் பாராளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியாருக்கும் பிரஜாவுரிமை. ஒரு பிரகடனம் எழுதிக் கையொப்பமிட்டாற் போதும். அவ்வாண்டின் இறுதியில், ஏறத்தாழ பத்தே நாட்களில், சுமார் 190,000 பேர் அவ்வாறு பிரஜைகளாயினர். ஓய்வுபெற்றிருந்த நானும் படிவங்களை எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்துக்குப் போனேன். அதே பள்ளிக்கூடம், விளக்கு மட்டும் மின்சார விளக்கு. ஒரு மூதாட்டி என் எதிரே உட்கார்ந்ததும் நடுங்கினாள்.

“மாஸ்டர், எனக்குத் திகதியெல்லாம் ஞாபகமில்லீங்களே...”

“திகதி வேண்டாம் அம்மா. 1964க்கு முன்னாலிருந்தே இங்கேதானே இருக்கிறீர்கள்?”

“இங்கேதான் பொறந்தேன். வேற எங்க போவேன்?”

அவ்வளவுதான். அவள் விரலைப் பற்றி மையிலே தோய்த்தபோது என் கை சற்று நின்றது. எதற்காக நிற்கிறேன் என்று அவளுக்கு விளங்கியிராது.

பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “எங்களை நாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள் தாத்தா. அதைப் படித்துக்கொள்ளலாம்” என்றாள். உண்மைதான். தேயிலையையும் இறப்பரையும் நட்டு இந்த நாட்டை வளர்த்தவர்களிடம் நாட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர்கள் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்கள். அவர்களிடம் கேட்டதோ அவர்களைப் பற்றியே. அதை எழுதி வைக்க அவர்களுக்கு எழுத்தும் இல்லை, நேரமும் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், இன்று மாலையே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே உட்காருங்கள். எப்போது வந்தார்கள், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்டு எழுதுங்கள். திகதி தெரியாவிட்டால் வெள்ளத்தையும் காய்ச்சலையும் வைத்துக் கணக்குப் பாருங்கள். எவரும் இன்று அதைக் கேட்டு உங்களை விசாரிக்கப் போவதில்லை. எழுதுவது நாமாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன். எழுதும்போது பதினான்கு மாதத்தைப் பதினான்கு என்றே எழுதுங்கள்.