தட்டு தனியே வைக்கப்பட்டவன்

கவுன்சிலர் சான்றிதழ் தேர்வுக்கு நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் இரவுப் பாடசாலையில் கூடிப் படிக்கிறோம். கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு எல்லாம் மனப்பாடம். போன வாரம் ஒரு மாதிரி வினா: விடுதி மாணவன் மெஸ்ஸில் சாப்பிட வர மறுக்கிறான், முதலில் என்ன செய்வீர்கள்? ஆரோன் பெக் வழியில் 'சிந்தனைத் திரிபைச் சரிசெய்தல்' என்றது விடைக்குறிப்பு. எங்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். கல்லூரி விடுதியில் அவர் தட்டை மட்டும் தனியே வைக்கச் சொன்னார்களாம். இதில் எது திரிபு, தோழர்களே?

தேர்வில் பெக்கைத்தான் குறிப்போம், மதிப்பெண் வேண்டுமே. எதிரில் வந்து உட்காருபவரிடம் 'அங்கே என்ன நடந்தது?' என்றுதான் முதலில் கேட்போம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் பாடக்குறிப்போடு சேர்த்துத் தைத்துவிட்டோம். அடுத்த ஞாயிறு குடும்ப ஆலோசனைப் பாடம். படிக்கிறவர்கள் வாருங்கள், டீ உண்டு.