கூலி என்று ஒரு வரி

மடிப்பாக்கத்தில் பேருந்துச் சாலையை ஒட்டிய ஹார்டுவேர் கடை திறக்கும் நேரத்துக்கே பிளம்பர்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். வண்டியில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி. அதற்குள் பைப் ரெஞ்ச், ஹாக்ஸா பிளேடு, இரண்டு மூன்று ஸ்பேனர், டெஃப்லான் டேப், பாதி தீர்ந்த சொல்யூஷன் டப்பா. டீ வருகிறது. எந்த அபார்ட்மென்ட்டில் செகரட்டரி மாறிவிட்டார், எந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பேறிவிட்டது, யார் வேலை முடித்துப் பணம் தராமல் இழுக்கிறார் என்ற செய்திகள் டீயோடு கைமாறுகின்றன. இந்தக் கடைக்கு இவர்கள் வாடிக்கையாளர்கள். கடையின் சரக்கை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் இவர்களே. வீட்டுக் குழாய் வேலையின் விலைச் சிக்கல் எல்லாம் இந்த இரட்டை வேடத்தில்தான் தொடங்குகிறது.

நான் கூடவே சுற்றியது ஐம்பதைத் தாண்டிய ஒரு பிளம்பருடன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். தொண்ணூறுகளில் சென்னைக்கு வந்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். "தொழில் பண்ற ஏரியா சார். நாலு பேரு நாலு விதமா பேசுவான்." உதவிக்கு அக்கா மகன் ஒருவன், ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பிளம்பர் படிப்பு முடித்தவன். மாமன் கையால் கற்றதைப் பையன் படத்தோடு படித்திருக்கிறான். வழியெல்லாம் இருவருக்கும் இதில் ஒரு செல்லச் சண்டை.

மாமன் தொழில் பழகிய காலத்தில் எல்லாம் ஜி.ஐ. பைப். இருபது அடி நீள இரும்புக் குழாயை அறுத்து, டையில் மாட்டி, எண்ணெய் விட்டு விட்டு மரை வெட்ட வேண்டும். மரையின் மேல் சணல் நூல் சுற்றி, பெயின்ட் தடவி முறுக்க வேண்டும். நூலைத் தப்பான பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்து வெளியே வந்துவிடும். "மரை வெட்டத் தெரிஞ்சாத்தான் அப்போ பிளம்பர்னே கூப்பிடுவாங்க" என்றார். வீட்டுக்காரர்கள் அந்த உழைப்பைக் கண்ணால் பார்த்தார்கள். வியர்வையைப் பார்த்துக் கூலி கொடுத்தார்கள். பிறகு பி.வி.சி. வந்தது. சுடுதண்ணீர் தாங்கும் சி.பி.வி.சி. வந்தது. வெட்டி, சொல்யூஷன் தடவி, சொருகிப் பிடித்தால் முடிந்தது. கையில் இருந்த கஷ்டம் குறைந்து, தலைக்குள் இருக்கும் கஷ்டம் அப்படியே நின்றது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது அன்றும் இன்றும் ஒரே வேலைதான். ஆனால் பார்ப்பவருக்குத் தெரிவது ஒட்டுவது மட்டும். "இந்த ரெண்டு எல்போவ ஒட்டறதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வியை நான் போன வீடுகளில் வெவ்வேறு குரல்களில் கேட்டேன்.

முதலில் போனது ஒரு பழைய அடுக்ககம். மூன்றாம் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் கூரை ஊறி, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. முன்னால் வந்து பார்த்த ஒருவர், மேல் வீட்டுக் குளியலறையை மொத்தமாக உடைத்து லைன் மாற்ற வேண்டும் என்று நாற்பதாயிரத்துக்கு மேல் சொல்லியிருந்தாராம். இவர் உளியை எடுக்கவே இல்லை. குளியலறைக்குப் போகும் வால்வை மூடினார். ஷவர் வாயைக் கழற்றி, கையால் அடிக்கும் டெஸ்டிங் பம்பை மாட்டி, அழுத்தம் ஏற்றினார். கேஜ் முள்ளைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். முள் அசையவில்லை. தண்ணீர் வரும் லைனில் கோளாறு இல்லை என்று ஆனது. அடுத்து, தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பின் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினார். பையனைக் கீழ் வீட்டுக்கு அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் கீழேயிருந்து போன்: "மாமா, ஊறுது."

ட்ராப்பைச் சுற்றியிருந்த டைல் இடுக்கில் பூச்சு போயிருந்தது. சுரண்டி எடுத்து, காயவைத்து, எபாக்ஸி நிரப்பினார்கள். பொருள் செலவு சில நூறு. அவர் கேட்ட கூலி 1,200 ரூபாய். நாற்பதாயிரம் மிச்சமான வீட்டில் இதற்கு நல்ல வரவேற்பு இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். மேல் வீட்டுக்காரர் கேட்டார்: "பாதி நேரம் சும்மா உட்கார்ந்துட்டுதானே இருந்தீங்க?" பேரம் 900 ரூபாயில் முடிந்தது.

இறங்கி வரும்போது அவர் கோபப்படவில்லை. கணக்குச் சொன்னார். "உடைச்சிருந்தா பத்து நாள் வேலை, மெட்டீரியல்ல கமிஷன், எனக்குக் கையில ஏழெட்டாயிரம் நின்னிருக்கும். உடைக்காம விட்டதுக்கு 300 ரூபா ஃபைன்." அபராதம் என்று அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அதைவிடச் சரியாக இந்தத் தொழிலின் கோணலை யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்த வீட்டில் அதே கணக்கு சின்ன அளவில் நடந்தது. ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உப்புப் படிந்து ரப்பர் வாஷர் கெட்டியாகியிருந்தது. வாஷர் விலை பத்து ரூபாய்க்குள். மாற்றி, உப்பைச் சுரண்டி, மிதவையைச் சரி செய்தால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். ஆனால் பத்து ரூபாய்ப் பொருளுக்கு 300 ரூபாய் கூலி கேட்டால் வீட்டில் முகம் மாறும். அதுவே, "செட்டே போச்சு சார்" என்று சொல்லி எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாய்க்கு முழு செட்டை மாற்றினால் அதே 300 ரூபாய் கேள்வி இல்லாமல் வரும். மேலே கடையிலிருந்து கமிஷன். பெட்டிக்குள் பிளம்பருக்கென்றே வைத்திருக்கும் கூப்பன் வேறு. மொபைலில் ஸ்கேன் செய்தால் பாயின்ட் ஏறும். பழுது பார்ப்பவரைவிடப் பொருளை மாற்றுபவருக்கே லாபம் என்றால், பழுது பார்ப்பது மெல்ல மறந்துபோகும். இதைப் பிளம்பரின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நான் பார்த்த வரையில் அது பாதி உண்மை. கூலியைக் கூலியாகக் கொடுக்க வீடுகள் தயங்கின. அது டேப் விலைக்குள்ளும் பைப் விலைக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது.

ஒளிந்துகொள்ள வசதியான இடம் கடைத் துண்டுச்சீட்டு. "பில் வேணுமா, எஸ்டிமேட் போதுமா?" என்று கல்லாவில் கேட்கிறார்கள். எஸ்டிமேட் என்பது கடையின் பெயர்கூட இல்லாத வெள்ளைத் தாள். பில் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு, கடையின் பதினைந்து இலக்க எண்ணோடு வரும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும். வரி மிச்சம் என்று பலரும் வெள்ளைத் தாளோடு போகிறார்கள். போகட்டும், வாங்கிய தண்ணீர் டேப்புக்குக் கம்பெனி பல ஆண்டு வாரன்ட்டி தருகிறதே, அது? பில் இல்லாவிட்டால் அந்த வாரன்ட்டி அட்டை வெறும் அட்டை. இன்னொன்று, டேப், ஷவர் போன்ற சரக்கில் பெட்டி மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி. ஒன்று, கடை கொடுக்கும் விலை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பெரியது. அந்த இடைவெளியை யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது எஸ்டிமேட் தாளில் ஒருபோதும் தெரியாது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் அல்லது ரசீது தராமல் இருப்பதை முறையற்ற வணிகப் பழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஜி.எஸ்.டி. விதிப்படி 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குக் கடைக்காரர் தனி பில் போடாமல் விடலாம். அதுவும் வாங்குபவர் கேட்காத வரைக்கும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிளம்பரின் நிலை வேறு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் கூலியின் மேல் வரி சேர்த்து வாங்கவும் கூடாது. ஆனால் வாங்கிய பணத்துக்குச் சாதாரண ரசீது எழுதித் தர எந்தப் பதிவும் வேண்டாம். ரொக்கம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

"ஜி-பே பண்ணியாச்சே, அதுவே ரசீதுதானே?" என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். பணம் போனதற்கு அது சாட்சி. எதற்காகப் போனது என்பதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

என்னோடு வந்தவர் ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறார். கார்பன் வைத்து எழுதும் சாதாரணப் புத்தகம். எழுதுவது பையன், அவனுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கிறது. தேதி, வீட்டு எண், என்ன கோளாறு, என்ன செய்தோம், கடை பில்லில் உள்ளபடி பொருள் விலை, தனியாகக் கூலி, கடைசியில் எதைச் செய்யவில்லை என்ற குறிப்பு. அந்தக் கடைசி வரி என்னை நிறுத்தியது. ஏன் என்று கேட்டேன். ஒரு வீட்டில் இவர் லைன் போட்டு, பம்ப் வைத்துச் சோதித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு கண்ணாடி மாட்ட வந்தவர் டிரில் போட்டதில் சுவருக்குள் பைப் ஓட்டையாகிவிட்டது. பழி இவர் மேல். சுவரை உடைத்துப் பார்க்கிற வரைக்கும் தெருவில் தலை காட்ட முடியவில்லை. "அன்னிக்கு ஒரு துண்டுச்சீட்டு இருந்திருந்தா வாயைத் திறக்காமலே ஜெயிச்சிருப்பேன்" என்றார். ரசீது என்றால் வீட்டுக்காரர் பிளம்பரைப் பிடிக்க வைக்கும் பிடி என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இவருக்கு அது காவல்.

இன்னொரு பயனும் உண்டு. பையன் புது வண்டிக்குக் கடன் கேட்டபோது வருமானத்துக்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத தொழிலில் அந்தக் கார்பன் நகல்கள்தான் இருந்தன. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1994 முதல் நலவாரியம் இருக்கிறது. பிளம்பர்களும் அதில் சேரலாம். மாமன் சேர்ந்திருக்கிறார், ஆனால் புதுப்பிக்கும் தேதியை அவருக்கு நினைவுபடுத்துவது பையன்தான்.

ரசீதே நுழைய முடியாத இடம் ஒன்றையும் பார்த்தேன். பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய அடுக்ககத்தில் குழாய் வேலை செய்தவர்கள் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்து இளைஞர்கள். இந்தியா முழுக்கப் பிளம்பர்களை அனுப்பும் மாவட்டம் அது. அங்கே பட்டாமுண்டாயில் பிளம்பிங்குக்கென்றே அரசுப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வேலை சுத்தம். கோட்டம் பார்த்து, கிளாம்ப் அடித்து, ஒரு பைப்கூட வளையாமல் நிற்கிறது. கூலி பாயின்ட் கணக்கு: ஒரு டேப் வரும் இடம் ஒரு பாயின்ட். ஒப்பந்தக்காரருக்குப் பில்டர் கொடுப்பது ஒரு கணக்கு. இவர்கள் கைக்கு வருவது வாரச் செலவுக்கு அட்வான்ஸ். மீதி எவ்வளவு நிற்கிறது என்று கேட்டதற்கு ஒருவர் சிரித்துவிட்டு மேஸ்திரியைக் கை காட்டினார். சதுர அடிக்கு எவ்வளவு என்று வீடு வாங்குபவர் துருவித் துருவிக் கேட்கிறார். அதற்குள் பாயின்ட்டுக்கு எவ்வளவு என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மாலையில் ஒரு போன் வந்தது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, மூடியைத் திறந்து உள்ளே இறங்கி அடைப்பை எடுத்துவிட்டால் கேட்ட பணம் தருகிறோம் என்றார்கள். "ஆள் இறங்கக் கூடாதும்மா, லாரியைக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் ஆக்கியிருக்கிறது. கழிவுநீர்ப் பாதையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நியாய விலை பேசுகிற தொழிலில் விலையே பேசக் கூடாத வேலையும் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பதும் தேர்ச்சியில் சேர்த்தி.

சுற்றி முடித்தபோது எனக்குக் கிடைத்த நடைமுறை எளிமையானது. வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, பொருள் யார் வாங்குவது என்று மூன்றையும் முன்பே தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம். பொருளுக்குக் கடை பில்லையும், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். இணைப்பைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளைச் சுற்றிக் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். சொல்யூஷன் காய வேண்டும், இன்று தண்ணீர் விட வேண்டாம் என்று பிளம்பர் சொன்னால் இழுத்தடிக்கிறார் என்று நினைக்காமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், பம்பை மாட்டி முள்ளைப் பார்த்தும், தண்ணீர் கட்டிக் காத்தும் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தையும் வேலையென்று கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குக் காசு கிடைக்காவிட்டால் அடுத்த முறை உளிதான் வரும்.

பில் கேட்கிறவர்களைப் பற்றி உங்கள் தொழிலில் என்ன நினைக்கிறார்கள் என்று கிளம்பும்போது கேட்டேன். வண்டியில் வாளியைச் சரியாக உட்கார வைத்துக்கொண்டே சொன்னார்: "கேக்கட்டும் சார், தாராளமா எழுதித் தர்றோம். ஆனா அதுல கூலின்னு ஒரு வரி இருக்கும். அந்த வரியப் படிக்கும்போது மூஞ்சி சுளிக்காம இருந்தாங்கன்னா, மத்த வரி எல்லாம் தானா நேராயிடும்."