கடல் நடுவே ஒரு தொட்டில் அறை

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போவதென்றால் ஒரு மூட்டை சாமானும் இரண்டு மூட்டை கவலையும் கூடவே வரும். பஸ்ஸானால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். ரயிலானால் அடுத்த ஸ்டேஷன் வரும். கப்பலில் என்ன செய்வது? ஆனாலும் கைக்குழந்தைகளுக்கென்றே நர்சரி வைத்துக்கொண்டு சில உல்லாசக் கப்பல்கள் போகத்தான் செய்கின்றன. 2023 ஜூன் மாதம் அப்படி ஒன்றில் போய் வந்தேன்.

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். எங்கள் அம்மா காலமாகிவிட்டாள். தங்கையின் மாமியாருக்கோ முட்டிவலி, விமானம் ஏற முடியாது. ஒத்தாசைக்கு ஆளில்லாமல் தங்கை தேய்ந்து போயிருந்தாள். நான் போய்ச் சேர்ந்ததும் அவள் கணவர், "அக்கா, இவளை எங்கேயாவது கூட்டிப் போனால்தான் தேறுவாள்" என்று சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நார்வே போய் வரும் ஏழு இரவுப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

பி அண்ட் ஓ கம்பெனியின் 'அயோனா' கப்பல். 2021-ல் ஓடத் தொடங்கியது. ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். கப்பலா, ஒரு சின்ன ஊரா என்று மலைத்துப் போனேன்!

இதில் 'இரவு நர்சரி' என்று ஓர் அறை. ஆறு மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைகளைச் சாயங்காலம் 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரை பார்த்துக்கொள்கிறார்கள். தனிக் கட்டணம் இல்லை. உள்ளே மங்கலான வெளிச்சம், வரிசையாகக் கட்டில்கள். நார்வேயில் ஜூன் மாதம் இரவு பதினோரு மணி வரைகூட வெயில் அடிக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துக் கொட்டக் கொட்ட விழிக்கும் குழந்தைகளுக்கு அந்த இருட்டறை ஒரு வரப்பிரசாதம்.

தங்கை முதலில் சம்மதிக்கவே இல்லை. "முகம் தெரியாதவங்ககிட்ட விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு இறங்குமா அக்கா?" என்றாள். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றால், "நீ ஊர் பாக்க வந்தியா, ஆயா வேலை பாக்க வந்தியா?" என்று அதற்கும் சண்டை. கடைசியில் நர்சரிக்கே போய்க் கேட்டோம். குழந்தை அழுது அடங்காவிட்டால் பெற்றோரைக் கூப்பிட்டுவிடுவார்களாம். குழந்தை உள்ளே இருக்கும்போது பெற்றோர் கப்பலை விட்டுக் கரைக்கு இறங்கக் கூடாதாம். அந்தக் கண்டிப்பைக் கேட்டபிறகுதான் தங்கைக்கு மனசு வந்தது.

அன்று இரவு மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறிப்போனதை நின்றுகொண்டே விழுங்கிப் பழகியவள், சூப்பின் சூட்டில் நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்றோ! குழந்தையோ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லாக் கப்பலிலும் ஒரே ஏற்பாடு இல்லை. டிஸ்னி கப்பல்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை நர்சரி உண்டு. ராயல் கரீபியன் கம்பெனியின் சில கப்பல்களிலும் 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு உண்டு. இவற்றில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். முன்பதிவும் செய்துகொள்ள வேண்டும். மற்றச் சிறுவர் கிளப்புகளில் பெரும்பாலும் மூன்று வயதாகி, டயபர் விட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள்.

கைக்குழந்தையோடு கப்பல் ஏற நினைக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதம் முடியாத குழந்தையை ஏற்றுவதே இல்லை. நடுக்கடலில் ஆபத்தென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாதே! நாள்கணக்கில் கரையே காணாத நீண்ட பயணமானால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். டிக்கெட் எடுக்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயபர் கட்டிய குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்று விற்கும் டயபர் போட்டாலும் கூடாது. சில கப்பல்களில் சின்னக் குழந்தைகளுக்கென்று தனியே தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கும்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் நர்சரியில் சேர்க்கமாட்டார்கள். கப்பலில் வாந்தி பேதி சட்டென்று பரவும். கைக்குத் தடவும் ஜெல் மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவுவதே நல்லது.

தொட்டில் கட்டில் வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டயபர், பால் பவுடர், வழக்கமான மருந்து எல்லாம் கையோடு இருக்கட்டும். குழந்தை கட்டிப் பிடித்துத் தூங்கும் பழைய துணியையும் மறக்காதீர்கள். புது இடத்தில் அம்மா வாசனை அதில்தான் இருக்கிறது!

மலை நடுவே புகுந்து வரும் கடலையும், ஓல்டன் என்ற ஊரில் மலையிலிருந்து கொட்டும் அருவிகளையும் பார்த்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனாலும் மனதில் நின்றது, ஏழு நாளில் தங்கையின் முகம் தெளிந்ததுதான். அந்தக் காலத்தில் பாட்டியும் அத்தையும் கூடத்தில் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வார்கள். அந்த வேலையைத்தான் அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிறார்கள்.

இதற்காக நாம் கப்பல் ஏற வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் பழம், பிஸ்கட்டோடு நிறுத்தாதீர்கள். "குழந்தையைக் குடு, நீ சூடா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடு" என்று சொல்லுங்கள். பெற்றவள் தெம்பாக இருந்தால்தானே பிள்ளையும் நன்றாக இருக்கும்?