சக்கையில் சுட்ட மஃபின்

திருகோணமலையில் இருப்பவர்களுக்குக் கோதுமை மா எங்கிருந்தோ வரும் பொருள் அல்ல. துறைமுகத்தில் படகேறினாலும் சரி, சீனக்குடாவில் பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, பிறிமா ஆலையின் கோபுரங்கள் கண்ணில் படும். சிங்கப்பூர்க் கம்பனி ஒன்று 1977இல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, 1980இல் இயங்கத் தொடங்கிய ஆலை அது. எங்கள் நாட்டு மண்ணில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் தானியமாக வந்து, இங்கே மாவாகி, மூட்டை மூட்டையாக நாடெங்கும் போகிறது. அந்த ஆலையையும் துறைமுகத்தையும் நம்பி அடுப்பெரியும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, "என்ட மகளுக்குக் கோதுமை ஆகாது" என்று வாசலுக்கு வாசல் சொல்ல வேண்டிய நிலை எனக்கு 2021ஆம் ஆண்டில் வந்தது.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. வயிறு மட்டும் ஊதி, கை கால் குச்சியாக இருந்தாள். அடிக்கடி வயிற்றோட்டம். முகத்தில் இரத்தமே இல்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், டொனிக் கொடுத்தார்கள். கண்ணூறு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஒரு வைத்தியர் இரத்தத்தில் ஒரு விசேட பரிசோதனை செய்யச் சொல்லி, பின்னர் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுச் சிறுகுடலையும் பார்க்க வைத்தார். அதற்குப் பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: சீலியாக்.

கோதுமையிலும் வாற்கோதுமையிலும் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. மாவைப் பிசையும்போது றப்பர் போல இழுபட வைப்பது அதுதான். பறாட்டாவை வீசி விரிக்க முடிவதும் பாண் பொங்கி நிற்பதும் அதன் தயவால். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் சீலியாக் உள்ளவர்களின் உடம்பு குளூட்டனைக் கண்டதும் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிள்ளை எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதுதான் மருந்து.

இதைக் கண்டுபிடித்த கதையை வைத்தியர் சொன்னபோது நான் வாயடைத்துப் போனேன். ஒல்லாந்து நாட்டில் டிக்கே என்றொரு குழந்தை வைத்தியர், இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணமோ என்று போருக்கு முன்பே சந்தேகப்பட்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம். பாண் இல்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடியும் விழுந்தார்கள். 1950இல் அவர் தன் ஆய்வை வெளியிட்டார்.

எங்கள் பக்கத்தில் இந்த நோய் அபூர்வம். 2016இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கும் தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இருப்பதாகக் கண்டார்கள். சோறு தின்கிற ஊர்தானே, கோதுமையை விலக்குவது பெரிய காரியமா என்று நானும் முதலில் ஆறுதல் பட்டேன். அடுப்படியில் நின்று எண்ணிப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் துறைமுகத்தின் மீதும் குண்டு விழுந்தது. அந்தக் காலத்தில் அரிசிக்குப் பதிலாக வந்து சேர்ந்த கோதுமை மா பின்னர் திரும்பிப் போகவே இல்லை. துணியில் கட்டி ஆவியில் அவித்து, அரித்து, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கூட அதையே எடுக்கப் பழகிவிட்டோம். தேங்காய் ரொட்டியும் அதுவே. ரோல்ஸ், பற்றிஸ், சமோசா, கட்லட்டின் மேல் தூள், பெருநாள் சேமியா, ரவைக் கேக் என்று எதைத் தொட்டாலும் கோதுமை. சோயா சோஸிலும் மோல்ட் கலந்த பானங்களிலும் ஒளிந்திருக்கும். நோன்புக் கஞ்சியும் வட்டலப்பமும் மட்டும் என் மகளின் பக்கம் நின்றன.

சமைப்பதை விடச் சிரமம், சொல்லிப் புரிய வைப்பது. மாமி என் மகளின் மீது உயிரையே வைத்திருப்பவர். "ஒரு துண்டுதானே மகள், ஒரு துண்டு திண்டா என்னவாகப் போகுது?" என்பார். அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த நோய்க்கு ஒரு துண்டும் துண்டுதான். ரோல்ஸ் பொரித்த எண்ணெயும் கூட ஆகாது. பிள்ளைக்கோ வேறு கவலை. ஓதுகிற பள்ளியில் கத்தம் முடிந்து தட்டு சுற்றி வரும். எல்லாப் பிள்ளைகளும் எடுப்பார்கள். இவள் எடுக்காவிட்டால் கொடுப்பவர் முகம் வாடும். ஆகவே எடுத்து, கையில் பொத்தியபடியே வீட்டுக்குக் கொண்டு வந்து தம்பியிடம் கொடுப்பாள். ஒரு நாள் கேட்டாள்: "உம்மா, நான் எப்பவும் வாங்குற பிள்ளைதானா? நான் ஒண்டும் குடுக்க ஏலாதா?"

கோதுமை இல்லாமல் கேக் சுடலாம் என்று சொன்னது கொழும்பில் இருக்கும் என் ராத்தா. தேங்காய் மாவில் மஃபின், அதாவது கடதாசிக் கிண்ணத்தில் சுடும் சிறு கேக், வெளிநாடுகளில் பிரபலமாம். சுத்தமான தேங்காய் எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலைகளில் மீதியாகும் பிண்ணாக்கு போன்ற பகுதியைத்தான் காயவைத்து அரைத்து, அழகான பைக்கற்றில் போட்டு விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் பைக்கற்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வீட்டில் நாங்கள் தினமும் தேங்காய் துருவிப் பால் பிழிகிறோம். சக்கை கோழிக்குப் போகிறது. அந்தச் சக்கையும் இந்த மாவும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறிமா ஆலையின் முதல் ஒப்பந்தத்தில் ஒரு விடயம் உண்டு: அரசாங்கம் கோதுமையைக் கொடுக்கும், ஆலை மாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கும் உதவாதது என்று நாம் நினைப்பதற்கு ஒரு பெறுமதி இருப்பது வியாபாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

மாவைத் தயாரிக்கும் முறையைச் சொல்கிறேன். பாலை மூன்று முறை நன்றாகப் பிழிந்த சக்கையை உடனேயே கையாள வேண்டும். எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வெயிலை மட்டும் நம்பினால் காய்வதற்குள் புளித்துவிடும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 90 பாகை அளவில் இரண்டு மூன்று மணி நேரம், இடையிடையே கிளறிக் காயவைக்கலாம். ஓவன் இல்லாதவர்கள் தாச்சியில் மிக மெல்லிய நெருப்பில், சிவக்க விடாமல் ஈரம் போகும் வரை வறுத்துவிட்டு, உச்சி வெயிலில் துணி மூடி வைக்கலாம். விரலில் எடுத்தால் சரசரக்க வேண்டும். பிறகு கிரைண்டரில் விட்டு விட்டு அரைத்து அரிக்க வேண்டும். மில்லில் கொடுத்து அரைக்காதீர்கள். அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைபட்டிருக்கும். அரிதட்டும் தனியாக இருக்கட்டும். ஒரு நடுத்தரத் தேங்காயில் அரைக் கப் அளவு தேறும். வீட்டு மாவில் எண்ணெய்ப் பற்று அதிகம் என்பதால் சீக்கிரம் காறும். போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

இந்த மாவின் குணம் வேறு. கோதுமை மாவின் இடத்தில் அதே அளவு போட்டால் கல்லாகும். மூன்றில் ஒரு பங்கு போதும். தண்ணீரைப் பாலைவனம் போல உறிஞ்சும். இழுபடும் தன்மை அறவே இல்லாததால் பிடித்து நிறுத்த முட்டை வேண்டும். அரைக் கப் மாவுக்கு நான்கு முட்டை. அவற்றை நுரைக்க அடித்து, மூன்றில் ஒரு கப் கித்துள் பாணி, நான்கு மேசைக்கரண்டி உருக்கிய பட்டர், கால் கப் கட்டித் தேங்காய்ப் பால் சேர்த்துக் கலக்க வேண்டும். மாவோடு அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்த் தூள் சேர்த்து அரித்துப் போட வேண்டும். பேக்கிங் பவுடர் பெட்டியில் கோதுமை மாச்சத்து என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். சோள மா என்றிருந்தால் சரி. கட்டி தட்டாமல் கலக்கி, பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில்தான் மா குடிக்க வேண்டியதைக் குடிக்கும். அப்போது மிகவும் இறுகியிருந்தால் இன்னும் இரண்டு கரண்டி பால், அல்லது கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிர். கடதாசிக் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி 180 பாகையில் இருபது நிமிடம். எட்டு மஃபின் வரும். சூட்டோடு எடுத்தால் உதிரும். ஆறினால் நிற்கும்.

2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது ஓவனை நினைக்கவே முடியவில்லை. வட்டலப்பம் போல விறகடுப்பில் ஆவியில் அவித்தேன். மேலே சிவக்கவில்லை என்பதைத் தவிரக் குறையில்லை. மாமிக்கு அதுதான் கூடப் பிடித்தது. அந்த ஆண்டு கோதுமை மா கிலோ 400 ரூபாயைத் தொட்டபோது அயல் வீட்டுப் பெண்களும் வந்து முறையைக் கேட்டார்கள். 2024 இறுதியில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது சக்கையைக் கோழிக்குப் போட இன்னும் மனம் வரவில்லை.

இது எல்லோருக்கும் "ஆரோக்கியமான கேக்"தானா என்று கேட்பார்கள். பாதிதான் ஆம் என்பேன். தேங்காய் மாவில் நார்ச்சத்து கோதுமை மாவைவிடப் பல மடங்கு. அதைச் சேர்க்கச் சேர்க்க உணவு இரத்தத்தில் சீனியை ஏற்றும் வேகம் குறைவதாக 2003இல் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் கித்துள் பாணியும் சீனிதான். பட்டரும் முட்டையும் இருக்கின்றன. நீரிழிவு உள்ள என் வாப்பாவுக்கு நான் ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை. நோய் இல்லாதவர்கள் நாகரிகம் என்று கோதுமையை விட்டுவிடவும் தேவையில்லை. பிள்ளைக்கு இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் சகோதரிகள் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்திலும் குடலிலும் அடையாளம் மறைந்து, வைத்தியருக்கே தெரியாமல் போய்விடும்.

சென்ற முறை கத்தம் முடிந்தபோது மூன்று தேங்காயின் சக்கையில் இருபத்துநான்கு மஃபின் சுட்டோம். தட்டை அவளே தூக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொருவரிடமும் நீட்டி, கடைசியில் தானும் அதே தட்டிலிருந்து எடுத்ததாக மாமி வந்து சொன்னார். மாமி இப்போது கடைப் பைக்கற்றுகளை என்னை விடக் கவனமாக வாசிக்கிறார்.

அடுத்த நோன்பில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வந்தாள். "ராத்தா, பிள்ளைக்கு உழுந்து வடை சுடப் போறன், புது எண்ணெய்தான். இந்தப் பெருங்காயம் பரவாயில்லையா?" வாங்கிப் பார்த்தேன். சின்ன எழுத்தில் கோதுமை மா என்று போட்டிருந்தது. பெருங்காயம் போடாமலே சுட்டு அனுப்பினாள்.